நாலு வாரம் பின்னால்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்கில் என் கைப்பேசியில் சில எண்கள் வந்து விழும். “3 – 12, 13.” அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இருக்காது. மோசேயின் ஐந்து ஆகமங்களில் மூன்றாவது, அதில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் அதிகாரங்கள் என்று அர்த்தம். அனுப்புவது மெல்பர்னில் இருக்கும் என் தங்கச்சி. நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, கோடு போட்ட பள்ளி நோட்டில் அதைக் குறித்துக்கொள்வேன். மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்ததும், அம்மாவின் பழைய தமிழ் பைபிளை மேசையில் விரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்துச் சத்தமாக வாசிப்பேன். நாலு மணிக்கு அவள் கூப்பிடுவாள்.

இது ஒரு வருடமும் சில மாதங்களும் நடந்தது. அந்த நாலு மணியைப் போல வேறு எதையும் நான் அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்ததில்லை.

நான் இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா முன்பே போய்விட்டார், அம்மாவும் நோயில் படுத்துவிட்டார். தங்கச்சிக்கு அப்போது எட்டு வயது. நான் வேலைக்குப் போனேன், அவள் படித்தாள். படித்து, தாதி உதவியாளர் பயிற்சியும் முடித்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையவில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் பதினோராவது மாடி ஃப்ளாட்டில், ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு எத்தனையோ வருடம் இருந்தோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனாள். அவள் கட்டிலை நான் இன்னும் எடுக்கவில்லை. அதன்மேல் மடித்த துணிகளை வைப்பேன். உட்காரமாட்டேன்.

அங்கே இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியாக யூத முதியவர்கள் தங்கும் ஓர் இல்லத்தில் சேர்ந்தாள். அங்கேதான் இந்தப் பழக்கத்தைப் பிடித்தாள். யூதர்கள் தோரா என்று சொல்வது நம் பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களைத்தான். அதை வருடம் முழுவதற்கும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை எல்லாரும் அதே பங்கைத்தான் வாசிப்பார்களாம். கடைசிப் பங்கு முடிந்ததும், மூச்சுவிட நேரம் கொடுக்காமல் அன்றைக்கே முதல் வரிக்குத் திரும்பிவிடுவார்களாம். தங்கச்சியின் வேலை, சக்கர நாற்காலிக்காரர்களைத் தள்ளிக்கொண்டுபோய் அந்த அறையில் விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது.

“அக்கா, நம்ம சர்ச்சுல போதகர் பேசுவாரு, நாம தூங்குவோம்ல?” என்றாள் ஒருநாள் போனில். “இங்க அப்படி இல்ல லா. படிச்சு முடிச்சதும் சுடச்சுட டீ. அப்பறம் பாரு சண்டைய! தொண்ணூறு வயசு கிழவி ஒன்னு மேசையத் தட்டுது.”

“எதுக்கு சண்ட?”

“இன்னிக்குப் படிச்சத வெச்சு இந்த வாரம் வீட்ல என்ன செய்யறதுன்னுதான். பெரிய விஷயம் ஒன்னும் இல்ல. மருமகளுக்கு போன் போடலாமா, வேணாமா, அந்த மாதிரி. அக்கா, நாமளும் செய்வோமா?”

எனக்கு உடனே பயம். நாம் கிறிஸ்தவர்கள், அடுத்தவர்களுடைய முறையை எடுத்துச் செய்யலாமா? தொலைக்காட்சியைத் திறந்தால் யூதர்கள் இருக்கும் அந்தப் பக்கத்து யுத்தம்தான் ஓடுகிறது. கீழ்வீட்டில் யாராவது காதில் வாங்கி வேறு மாதிரி நினைத்துவிட்டால்? எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

“நம்ம பைபிள்ல இருக்குற அதே அஞ்சு ஆகமந்தான். நீ என்ன கொடி புடிச்சுக்கிட்டா போகப்போற? வீட்ல உக்காந்து படிக்கப்போற. பயமா இருந்தா கதவச் சாத்திக்க.”

சாத்திக்கொண்டேன். எங்களுக்குள் அதற்கு ‘வாரப் பங்கு’ என்று பெயர் வைத்தோம்.

முதல் வருடம் முழுவதும் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. பாலைவனத்தில் காலையில் ஆகாயத்திலிருந்து உணவு விழும் இடம் வந்தது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழு வைத்துவிடும்.

“எழுந்து போயி அலமாரியத் தொற,” என்றாள் தங்கச்சி. “சார்டின் டின் எத்தன இருக்கு?”

எண்ணினேன். “பதினாலு.”

“ரெண்டு பேரு இருந்தப்பவே அஞ்சுதான இருந்துச்சு!”

“வெள்ளம் கிள்ளம் வந்துட்டா?”

“பதினோராவது மாடிக்கு வெள்ளம் வந்தா நீ சார்டின் சாப்பிடமாட்ட லா. சார்டின்தான் உன்னச் சாப்பிடும்.”

அந்த வாரம் ஏழு டின்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் மூன்று வாங்கிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

நான் வேலை செய்வது சௌராஸ்தா பாசார் சந்தைக்குப் பின்னால் ஒரு சலவைக் கடையில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும்தான் அதிகம். பினாங்கு மழைக்குத் துணியில் பூஞ்சைக் கறை பிடிப்பது எங்களுக்கு அன்றாட விஷயம். ஆகையால் மூன்றாம் ஆகமத்தில் அந்தப் பதின்மூன்றாம் அதிகாரம் வந்தபோது என்னால் நம்ப முடியவில்லை. துணியில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால் என்ன செய்வது என்று அங்கே பக்கம் பக்கமாக இருந்தது! கறை பிடித்த துணியை ஆசாரியனிடம், அதாவது அந்தக் காலத்துப் பூசாரியிடம், கொண்டுபோக வேண்டும். அவர் பார்ப்பார், ஆனால் உடனே ஒன்றும் சொல்லமாட்டார். ஏழு நாள் மூடி வைப்பார். ஏழாம் நாள்தான் மறுபடி எடுத்துப் பார்த்து முடிவு சொல்வார்.

எதையும் கண்ட நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டு ராத்திரியெல்லாம் புரளுகிறவள் நான். அந்த வாரம் ஒரு காலி பிஸ்கட் டின்னை எடுத்தேன். கவலை வந்தால் துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, அதற்குள் போட்டு மூடுவது; ஏழாம் நாள் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். லிஃப்ட்டில் ஏதோ சத்தம். முதுகில் ஒரு கட்டி. முதலாளி காலையில் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏழு நாள் கழித்துப் பார்த்தால் பாதிச் சீட்டுகளில் இருப்பது எதற்காக எழுதியது என்றே தெரியாது. தங்கச்சி அதற்கு ‘ஆசாரியன் டின்’ என்று பெயர் வைத்தாள்.

ஐந்தாம் ஆகமத்தில், புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், யாரும் விழுந்துவிடக் கூடாது என்று ஓர் இடம். அதைப் படித்த அன்று எனக்கு ஒரே பெருமை.

“பாத்தியா! கடவுளே கவலப்படுறாரு.”

“அவரு ஒரு செவுரு வெக்கச் சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாரு,” என்றாள். “நீதான் அந்தச் செவுத்துக்கே இன்னொரு செவுரு வெப்ப.”

கடையில் எனக்கு எதிரே இஸ்திரி போடும் அக்கா ஒருவர் உண்டு. அறுபத்து மூன்று வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். திங்கட்கிழமை காலையில் நீராவி கிளம்பியதும், “என்னம்மா, இந்த வாரம் என்ன பங்கு?” என்று கேட்பார். சொல்வேன். சாமி யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

முதல் வருடத்தின் கடைசிப் பங்கில் மட்டும் நான் சிரிக்கவில்லை. மோசே மலையில் ஏறி, போக வேண்டிய தேசம் முழுவதையும் கண்ணால் பார்க்கிறார். பார்க்கலாம், போக முடியாது. அங்கேயே இறந்துபோகிறார். என் நோட்டில் ஒவ்வொரு பங்குக்கும் எதிரே அந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுவேன். அந்தப் பங்குக்கு எதிரே இடம் காலியாகவே இருக்கிறது. என் பாஸ்போர்ட் ஞாபகம் வந்ததுதான் காரணம். இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறேன். ஒரு முத்திரைகூட விழவில்லை. ஒன்பது வருடமாக அவள் வா வா என்கிறாள். போன தடவை அவள் வந்தபோது, “நீ வர்றதா இருந்தா சொல்லு, இல்லன்னா இனிமே கேக்கமாட்டேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்புறமும் கேட்டாள்.

இரண்டாம் வருடம் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன் என்று முடிவானது. ஆறு வாரம் யாராவது கூட இருக்க வேண்டும். “யாராவது இல்லக்கா, நீ,” என்றாள். நான் சரி என்றேன். பயத்தோடுதான் சொன்னேன், ஆனால் மனதார. டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அந்த வாரத்துப் பங்கு எதுவென்று பார்த்தால், பின்னால் படை துரத்த, ஜனங்கள் கடலைக் கடக்கும் இடம்.

“ஒனக்குன்னே போட்டு வெச்சிருக்காங்க லா,” என்று சிரித்தாள்.

விமான நிலையத்துக்குத் தனியாகத்தான் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: காலையில் டீ போட்டேனே, கேஸ் தோங்கை, அந்தச் சிலிண்டரை, அடைத்தேனா? குமிழைத் திருகியது விரலுக்கு ஞாபகம் இல்லை. அடுப்பு மேடை ஞாபகம் இருக்கிறது, டம்ளர் ஞாபகம் இருக்கிறது, குமிழ் மட்டும் இல்லை. பதினோராவது மாடி, இருபுறமும் குடும்பங்கள், சின்னக் குழந்தைகள். இன்னும் இரண்டு பேர். இன்னும் ஒருவர். நான் பையை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது ஒரு வாசனையும் இல்லை. குமிழ் இறுக்கமாக அடைத்திருந்தது. சமையலறைத் தரையில் பையோடு உட்கார்ந்தேன். திரும்பி ஓடியிருந்தால் ஒருவேளை விமானத்தைப் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. கேஸ் ஒரு சாக்கு என்பது அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரியும்.

அதைவிட மோசமானது அடுத்து நான் செய்தது. தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினேன்: “காய்ச்சல். டாக்டர் பிளேன்ல போகக்கூடாதுன்னு சொல்லிட்டாரு.”

உடனே பதில் வந்தது. “பரவால்லக்கா. நீ நல்லா ரெஸ்ட் எடு. நான் பாத்துக்குறேன்.”

வியாழக்கிழமை, வெட்டிய இடம் இன்னும் ஆறாமல் படுக்கையில் இருந்தபடி, என் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அவள் எங்கள் கடைக்கே போன் பண்ணியிருக்கிறாள். என்னைக் கேட்டால் உண்மையைச் சொல்லமாட்டேன், உடம்பு முடியாததை மறைப்பேன் என்று நினைத்திருக்கிறாள். எடுத்தது இஸ்திரி அக்கா. ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்ததை அவரிடம் சொல்லியிருந்தேன், காய்ச்சல் கதையைச் சொல்லவில்லை.

“எனக்கு என்னம்மா தெரியும்?” என்றார் பின்னால், முகம் வாடிப்போய். “‘காய்ச்சலா? நல்லாத்தான இருக்குறா! கேஸ் அடைக்கலன்னு ஏர்போர்ட்லேர்ந்து ஓடி வந்துட்டா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். அவ ஒடனே போன வெச்சுட்டா.”

அன்று சாயங்காலம் தங்கச்சியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. “கேஸ் அடைச்சிருந்துச்சா?”

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கடைசியில், “அடைச்சிருந்துச்சு,” என்று எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. எண் வரவில்லை.

நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அப்புறம் கூப்பிடவும் பயம். எடுத்துவிட்டால் என்ன சொல்வது? “இப்ப எப்படி நடக்குற?” என்று எழுதிக் கேட்டால், “நடக்குறேன்” என்று வரும். அவ்வளவுதான்.

வாரப் பங்கை மட்டும் நான் விடவில்லை. எண் வராவிட்டால் என்ன, போன வருடத்து நோட்டு என்னிடம் இருக்கிறதே. நாங்கள் விட்ட இடத்துக்கு அடுத்த வரி எதுவோ அது இந்த வாரம். அதற்கு அடுத்தது அடுத்த வாரம். பண்டிகை வந்தால் பங்கு இல்லை என்றுகூட அதில் குறித்திருந்தேன். ஒரு சனிக்கிழமையும் தவறாமல், விரலை வைத்து, சத்தமாக வாசித்தேன். கறை பிடித்த துணி வந்தது. ஏழு நாள் வந்தது. தங்கச்சி சம்பந்தப்பட்ட கவலையை மட்டும் டின்னில் போட எனக்குத் துணிவு வரவில்லை. ஏழாம் நாள் திறந்தாலும் அது அப்படியே இருக்கும் என்று தெரியும்.

ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் இன்றைக்கு, அந்த இல்லத்தின் பின்வரிசையில், அவள் கண் ஓடிய வரியில்தான் இங்கே என் விரலும் இருக்கிறது. நாலு மணிக்குக் கைப்பேசியை எதிரே வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். கீழே ஃபெரி அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கும். எத்தனை தடவை போய் எத்தனை தடவை திரும்புகிறது என்று பார்ப்பேன். சார்டின் டின்னைப் பற்றி, மாடிச் சுவரைப் பற்றி அவள் என்ன சொல்வாள் என்று நானே இரண்டு குரலிலும் பேசிக்கொள்வேன். அவள் குரலில் சொல்லும்போது எனக்கு அந்தச் சிரிப்பு வராது.

வெள்ளிக்கிழமைகளில் ஆறு மணிக்கு அவள் பெயரைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பேன். சில வெள்ளிக்கிழமை அங்கே அவள் ஏதோ டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டும். கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொள்வேன். பிறகு அது அணைந்துபோகும். ஒன்றும் வராது.

இப்படியே எட்டு மாதம் போனது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, என் நோட்டின்படி, ஐந்தாம் ஆகமத்தில் அந்த மாடிச் சுவர் வரும் பங்குக்கு வந்து சேர்ந்தேன். போன வருடம் சுவரைப் பார்த்த பெருமையில் அதற்கு முந்தைய வரிகளை ஓட்டமாக ஓட்டியிருக்கிறேன். இந்தத் தடவை விரல் அங்கேயே நின்றுவிட்டது. உன் சகோதரன் தொலைத்த மாட்டையோ ஆட்டையோ துணியையோ நீ கண்டால், காணாதவன் போல ஒதுங்கிப் போகாதே, அவனிடம் திரும்பக் கொண்டுபோய்க் கொடு. அவன் தூரத்தில் இருந்தால், அல்லது யாரென்று தெரியாவிட்டால், அவன் தேடி வரும்வரை உன் வீட்டில் வைத்திரு. இதுதான் அதன் பொருள்.

தங்கச்சியின் ஸ்வெட்டர் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. கத்தரிப்பூ நிறம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் புறப்பட்ட அன்று, பை எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு வந்தபோது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “அங்கயே இருக்கட்டும். நீ வர்றப்ப கொண்டு வா,” என்றாள். வருடத்துக்கு ஒரு தடவை நானே கையால் அலசி, நிழலில் காயப்போட்டு, மடித்து வைப்பேன். கடையில் கொடுப்பதில்லை.

திங்கட்கிழமை இஸ்திரி அக்காவிடம் பங்கைச் சொன்னேன். ஸ்வெட்டரையும் சொன்னேன்.

“எட்டு மாசமா நீ என்ன செஞ்சுக்கிட்டு இருக்குற?” என்றார் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே.

“அவ தேடி வரட்டும்னு வெச்சிருக்கேன்.”

“அது யாரோடதுன்னு தெரியாததுக்குத்தான? இது யாரோடதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தூரமா இருந்தாலும் வெச்சிருக்கலாம்னு போட்டிருக்கு அக்கா.” அந்த வார்த்தையைக் கண்டதும் சனிக்கிழமை எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. எனக்கென்று ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார்களே என்று.

“அந்தக் காலத்துத் தூரம் வேறம்மா. மாட்டப் புடிச்சுக்கிட்டு நடந்து போற தூரம். இப்பத்தான் பிளேன் இருக்குல்ல?” தலையணை உறையை ஒரே இழுப்பில் மடித்தார். “அது மட்டும் இல்ல. அவ ஸ்வெட்டர வெச்சிருக்கியே, அவளுக்குப் பொய் சொன்னியே, அதத் திருப்பிக் குடுத்தியா? காணாதவ மாதிரி ஒதுங்கிப் போனது யாரு?”

நீராவி சீறிக்கொண்டிருந்தது. நான் அடுத்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். எட்டு மாதமாக நான் செய்தி எழுதியிருக்கிறேன், மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவள் காலைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் குரல் செய்தி அனுப்பினேன். ஒத்திகை பார்த்தால் பயந்துவிடுவேன் என்று நேராகப் பேசினேன். “இந்த வாரப் பங்குல தொலஞ்ச துணி வருதுல்ல, நீயும் படிச்சிருப்ப. ஒன் ஸ்வெட்டர் எங்கிட்ட இருக்கு. காய்ச்சல்னு சொன்னது பொய். கேஸும் பொய். எனக்கு பயம். ஒனக்குத் துணையா வர்றதவிட எனக்கு என் பயம் பெருசாப் போச்சு. மன்னிச்சுக்க. ஸ்வெட்டர நான் கொண்டு வர்றேன்.”

நீலக் குறி வந்தது. பதில் இல்லை. செவ்வாய், புதன், வியாழன். ‘கேட்டுவிட்டாள், இனி ஒருபோதும் பேசமாட்டாள்’ என்று சீட்டில் எழுதி டின்னில் போட்டேன். தைரியம் வந்து போட்டது இல்லை. கையில் வைத்திருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணி. எண் வரவில்லை. போன் அடித்தது.

“எந்த ஊர்லக்கா இருக்குற நீ?” எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. “தொலஞ்ச துணி பங்கு முடிஞ்சு நாலு வாரத்துக்கு மேல ஆச்சு! இங்க கடைசிப் பங்கே முடியப்போகுது. அடுத்த சனி திரும்ப மொதல்லேர்ந்து.”

“இல்லயே. நோட்டப் பாத்துத்தான படிக்கிறேன். ஒரு வாரம் விடல.”

“எந்த நோட்டு? போன வருஷத்துதா?” இப்போது சிரிப்புதான், சந்தேகமே இல்லை. “ஐயோ அக்கா! அவுங்களுக்கு சில வருஷத்துல பதிமூணு மாசம் வரும். அப்ப வாரம் நெறய இருக்கும், ஒவ்வொன்னாப் படிப்பாங்க. மத்த வருஷத்துல வாரம் பத்தாது. சில பங்க ரெண்டு ரெண்டாச் சேத்து ஒரே வாரத்துல முடிச்சுடுவாங்க. போன வருஷம் பதிமூணு மாசம். இந்த வருஷம் பன்னெண்டு. நீ மார்ச்சுலேர்ந்தே பின்னாடிதான் வந்துக்கிட்டு இருக்க.”

அவள் சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜன்னலோரம், ஃபெரி, என் விரல் இருந்த வரி, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

“அப்போ இத்தன மாசமும் நாம ஒரே பக்கத்துல இல்லையா?”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “இல்லக்கா.”

நான் நோட்டை மூடி வைத்தேன். பிறகு அவள் சொன்னாள்: “ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நம்பர் அடிப்பேன். அப்பறம் அழிச்சுடுவேன்.”

“தெரியும். டைப்பிங்னு வரும்.”

“பாத்துக்கிட்டா இருந்த?”

“வேற என்ன வேல எனக்கு?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீ வராததுக்கு கோவம் இல்ல. நீ பயப்படுவன்னு எனக்குத் தெரியாதா? ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் நான் மொதல்ல நெனச்சது ஒன் காய்ச்சலத்தான். அதான் தாங்க முடியல. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன்.”

“பயமா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பவும் இருக்கு.”

“சரி,” என்றாள். அந்தச் ‘சரி’யைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

விட்ட பங்குகளையெல்லாம் தாண்டிக் குதித்து வந்துவிடு, அடுத்த சனிக்கிழமை முதல் அதிகாரத்திலிருந்து ஒன்றாக ஆரம்பிப்போம் என்றாள். ஒப்புக்கொண்டேன். எண் திரும்பவும் வர ஆரம்பித்துவிட்டது. “1 – 1 முதல் 6 வரை,” என்று வந்த அன்று அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைக் கருக்கிவிட்டேன்.

ஆனால் ஐந்தாம் ஆகமத்தில் மிச்சம் இருந்த பங்குகளை நான் வாசிக்கவில்லை. தாண்டிக் குதித்ததாகவும் வைத்துக்கொள்ளவில்லை. மோசே மலைமேல் நின்று அந்தத் தேசத்தைப் பார்க்கும் அந்தப் பக்கத்தை இந்த ஜன்னலோரம் தனியாக இன்னொரு தடவை வாசிக்க எனக்கு மனசு இல்லை. “மிச்சத்த அங்க வந்து படிக்கிறேன்,” என்று அவளிடம் சொன்னேன். “நீ பக்கத்துல உக்காந்திருக்கணும்.” அவள் நம்பினாளா என்று தெரியாது. “மொதல்ல வா,” என்றாள்.

நிறுத்திய இடத்தில், துணிகளில் குத்துகிற எண் சீட்டு ஒன்றை அடையாளமாக வைத்திருக்கிறேன்.

இதை எழுதும் இன்றைக்கு, நான் புறப்பட இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அவள் இப்போது தடி இல்லாமல் நடக்கிறாளாம், ஆனால் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து. அந்த நடையை நான் இன்னும் பார்க்கவில்லை. கண்ணை மூடினால் அவள் பழைய நடையில்தான் வருகிறாள். போய்ச் சேர்ந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வரிசையில் நிற்கும்போது எனக்கு என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இஸ்திரி அக்கா அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார். காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுவாராம்.

“அந்தத் தோங்க நானே எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுறேன்,” என்றார். “தோங்கே இல்லாத வீட்ல நீ எத அடைக்கத் திரும்பி ஓடியாருவ?”

“தண்ணிக் குழா இருக்கே அக்கா.”

“அடி போடி!” என்று ஈரத் துண்டை என்மேல் வீசினார்.

பையில் ஸ்வெட்டரை முதலில் வைத்துவிட்டேன், மற்றவை அதன்மேல். எடை கூடினால் என்னுடையதை எடுக்கலாம். பாஸ்போர்ட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை திறந்து பார்க்கிறேன். ஆசாரியன் டின்னைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன். புறப்படும் அன்று காலையில் ஒரே ஒரு சீட்டு எழுதுவேன், ‘இந்தத் தடவையும் திரும்பி வந்துவிடுவேனோ’ என்று. தேதி போட்டு, உள்ளே போட்டு, அழுத்தி மூடி, அவள் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவேன். ஏழாம் நாள் அதைத் திறந்து பார்க்க நான் இங்கே இருக்கக் கூடாது.